மோமோவின் உள்ளங்கால்

அக்காவுக்கு,

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். மற்றதைப் படித்த பிறகு நீயே யோசித்துக்கொள்.

இடம், நாய் டாக்டர் வீட்டு முன்கூடம். ஜங்புராப் பக்கம், பழைய காலத்து வீடு. வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்து, காத்திருக்கிறவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். கதவை ஒட்டி ஒரு சர்தார்ஜி, மடியில் கூடை, கூடைக்குள் பூனை. அவருக்கு எதிரே சுவரோரப் பெஞ்சில் ஒரு பையனும் பெண்ணும், கல்லூரிப் பிள்ளைகள், காலடியில் கொழுத்த லாப்ரடார். பெஞ்சின் மறுமுனையில் சாணக்யபுரியில் ஏதோ பெரிய வீட்டு டிரைவர். அவர் கையில் ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக் குட்டிநாய், ஊரார் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் உடம்பில் படாமல் வைத்திருந்தார். ஜன்னலடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவர்ப் பக்கம் ஸ்நேகா, அடுத்து நான், என் கால்களுக்கு நடுவில் மோமோ. எனக்கு வலப்பக்கத்து நாற்காலி காலி. உள்ளறை வாசலில் மேஜை போட்டுக் கம்பவுண்டர் இஸ்மாயில். என் வீட்டுக்காரர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்.

இவ்வளவு பேர்தான். வேறு யாரும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் அப்பா பேரை வாயால் சொல்ல வேண்டிவரும். நீயும் பழக்கத்தில் 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். அந்த 'ம்'முக்குத்தான் பயப்படுகிறேன். எழுதினால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். இதைப் படிக்கும்போது சத்தம் போட்டுப் படிக்காதே. மச்சானையும் படிக்க விடாதே, அவர் கூடத்தில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார்.

ஐப்பசியில் அப்பா காரியமெல்லாம் முடிந்து நாங்கள் டில்லிக்குக் கிளம்பியபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வருசம் திரும்புற வரைக்கும் அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது செல்வி. யாராச்சும் தெரியாமக் கூப்பிட்டாலும் ஏன்னு கேட்டுப் பதில் குடுத்துறக் கூடாது" என்றாய். நான் சரி சரி என்று பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். டில்லியில் அவர் பேர் யாருக்குத் தெரியும், யார் கூப்பிடப் போகிறார்கள் என்று மனசுக்குள் நினைத்தேன்.

மோமோவை உனக்குப் போட்டோவில்தான் தெரியும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் மோமோ விற்கிற வண்டிக்குக் கீழே கிடந்த தெருக்குட்டி. ஸ்நேகா தூக்கிக்கொண்டு வந்தாள். "நாயி தெருவுல கெடக்க வேண்டியது, அதுக்கு மெத்தையா" என்று அப்பா அன்றைக்கு முழுக்கப் பேசினார். அப்புறம் அவருக்கு இந்த ஊரில் அதை விட்டால் ஆளில்லை. இந்தி வராது. பேத்திக்குத் தமிழ் அரைகுறை. நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ். பொழுது மங்குகிற நேரத்தில் குரங்குக் குல்லாயை மாட்டி, நெஞ்சில் நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஆணியிலிருந்து வாரை எடுப்பார். "கிளம்பு" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். மோமோ குதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடும்.

அவர் போன பிறகு மோமோ கொஞ்ச நாள் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது. பிறகு தேறிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டது. இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். அப்பா போனதால் அதற்கு நோவு வரவில்லை. நோவு வந்தது கார்த்திகையில், வருஷாந்தர ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு.

முதலில் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. பிறகு நடுக்கம். விளக்கு வைக்கிற நேரம் தாண்டி நாங்கள் வீட்டுக்கு வந்தால் கட்டிலுக்கடியில் கிடக்கும். கூப்பிட்டால் வராது. இழுத்தால் சிறுநீர் கழித்துவிடும். நாய்க்குக் கண்ணீர் வருமா தெரியாது, ஆனால் அது என்னைப் பார்க்கிற பார்வையில் ஏதோ கேட்பதுபோல் இருக்கும்.

நான் எடுத்தவுடன் பேய் பிசாசு என்று போகிறவள் இல்லை. உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சொல்வதுபோல், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன்.

முதல் சந்தேகம் கீழ்வீட்டுக்காரி மேல். மோமோ குரைக்கிறது என்று அசோசியேஷனில் புகார் கொடுத்தவள். மாடிப்படியில் ரொட்டித் துண்டு கிடந்தது. எலி மருந்து கிருந்து வைத்திருப்பாளோ என்று அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வைத்தேன். மறுநாள் அதே ரொட்டியை அவளே கிழித்துப் பசுமாட்டுக்குப் போடுவதைப் பார்த்தேன். பசுமாட்டுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது, அக்கா, இவர் மேலேயே. சிரிக்காதே. இவருக்கு மோமோவைப் பிடிக்காது என்றில்லை, ஆனால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவ்வப்போது சொல்கிறவர். தூக்க மாத்திரை எதையாவது கலக்கிறாரோ என்று சாப்பாட்டு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "என்னடி, என்னய வேவு பாக்குறியா? நான் என்ன எதிரி நாட்டு ஒற்றனா" என்று கேட்டார். அன்றைக்கு வீடு முழுக்கத் தைல வாசனை அடித்தது. அப்பாவின் தைல பாட்டிலை எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பாமல் கிட்டே போய் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஸ்நேகா அதைப் பார்த்துவிட்டு, "மம்மி, ப்ளீஸ்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சட்டையில் தைல வாசனை இல்லை.

வாசனை ஆணியில் தொங்கிய வாரிலிருந்து வந்தது. எடுத்துப் பார்த்தேன். வார் ஈரமாக இருந்தது. வெளியே பனிமூட்டத்தில் வெகுநேரம் நடந்துவிட்டு வந்தால் கம்பளித் துணியில் ஒட்டுமே, அந்த மாதிரி குளிர்ந்த ஈரம்.

நாங்கள் இல்லாத நேரத்தில் யாரோ மோமோவை வெளியே கொண்டுபோகிறார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. ஸ்நேகா மேல் சந்தேகம் வந்தது. கோச்சிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு எந்தப் பையனுக்காவது சாவி கொடுத்திருக்கிறாளோ என்று அவள் பையைக்கூடச் சோதித்தேன். பிள்ளை அழுதுவிட்டது. அதற்கு அடுத்த நாள்தான் எல்லோருமாக மோமோவை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

மார்கழிப் பனி. ஐந்தரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிளக்குக்குக் கீழே வெளிச்சம் மட்டும் மஞ்சளாக நின்றது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மோமோவைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்தோம். ஜங்புராத் திருப்பம் வந்ததும் ஸ்நேகாவின் மடியில் கிடந்த மோமோ தலையைத் தூக்கி முனகியது.

உள்ளே போய், மேலே எழுதிய மாதிரி உட்கார்ந்தோம்.

பிறகு வந்தவர்களைப் பற்றி எழுத வேண்டும். ஒரு பெண்மணி முயல் கொண்டுவந்தாள். அவளுக்கு உட்கார இடமில்லை. என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள், "அச்சா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அடுத்து ஒரு தாத்தா வந்தார். அவரும் நாற்காலியைப் பார்த்தார், லேசாகத் தலையை ஆட்டி வணக்கம் வைத்துவிட்டு நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதராஸிக்காரி பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஒட்டிக்கொள்ளுமா? இல்லை, மோமோவின் மேல் நாற்றம் அடிக்கிறதா? சேலைத் தலைப்பால் அதை இழுத்து மூடினேன். மோமோ அந்தக் காலி நாற்காலிக்கு முதுகைக் காட்டி, முகத்தை என் முழங்காலுக்குப் பின்னால் புதைத்துக்கொண்டிருந்தது.

இஸ்மாயில் கூப்பிட்டார். "மோமோ ரத்னவேல்!"

நான் "ஹாங் ஜி" என்றேன்.

அக்கா, இந்த இடத்தை நிதானமாகப் படி.

டில்லியில் ஒற்றைப் பேரோடு ஒன்றும் நடக்காது. இனிஷியல் என்றால் அது என்ன என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது, குடும்பப் பேர் எழுதாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நம் ஊரில் குடும்பப் பேர் ஏது? அப்பா பேரை எழுதினேன். அன்றைக்கிருந்து ஆபீஸில் நான் 'ரத்னவேல் மேடம்'. பேங்கில் ரத்னவேல். ஆதாரில் ரத்னவேல். என் காதில் அது அப்பா பேராக விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதைக் கூப்பிட்டால் என் வாய் தானாக 'ஹாங் ஜி' என்று சொல்லும், நம் ஊர் 'ஏன்' மாதிரி.

முன்பெல்லாம் மோமோவை இவர்தான் ஊசிக்குக் கொண்டுபோவார். அங்கே இவர் பேர் இருந்தது. கார்த்திகையில் இவர் டூரில் இருந்ததால் நான் கொண்டுபோனேன், என் பேரில் புதிதாகப் பதிந்தார்கள். அந்த டாக்டர் வீட்டில் ஒரு வழக்கம், பிராணியின் பேரோடு வீட்டுக்காரர் குடும்பப் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் பொழுது மங்குகிற நேரம்தான். அன்றைக்கும் இஸ்மாயில் "மோமோ ரத்னவேல்" என்று கூப்பிட்டிருக்கிறார். நானும் மோமோவுக்காக 'ஏன்' என்று கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் பிறகுதான் புரிந்தது. அப்போது தெரியவில்லை. அப்போது தெரிந்தது ஒன்றுதான். எழுந்து நிற்கக்கூட முடியாத மோமோ, அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றது. எனக்கு முன்னால் நடந்தது. வார் என் கையில் இருந்தது. ஆனால் கழுத்துப்பட்டை முன்பக்கமாக இழுபட்டது.

டாக்டர் ஜ்யோத்ஸ்னா சின்ன வயசு, கண்ணாடி போட்டவள், கை சுத்தம். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஈரல் நன்றாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை என்றாள். விஷம் ஏதும் இல்லையா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். பிறகு மோமோவின் முன்காலைத் தூக்கித் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளங்கால் தோல் உரிந்து சதை தெரிந்தது. கருப்பாகத் திரண்டிருக்க வேண்டிய மெத்தை முழுக்கத் தேய்ந்து, பழம் தோலுரித்த மாதிரி. நகங்கள் மொட்டை. நாலு காலும் அப்படித்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடத்துகிறீர்கள் என்று கேட்டாள். மார்கழி பிறந்து வாசற்படி தாண்டவில்லை என்றேன். பொய் சொல்கிறவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு இந்தியில், குரலைத் தணித்து, வயசானவர்களிடம் சொல்வது கஷ்டம்தான், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள், இந்த நாய் நடந்தே செத்துப்போகும் என்றாள்.

எந்த வயசானவர் என்று கேட்டேன்.

"அங்கிள்ஜிதான். குல்லாய் போட்டவர். தினமும் சாயங்காலம் இந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறேனே. இப்போதுகூட வெளியே உங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்?"

ஸ்நேகா என் கையைப் பிடித்தாள்.

உடனே எனக்கு அவர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. டாக்டரும் கம்பவுண்டரும் சேர்ந்துகொண்டு, நாயை இங்கேயே விட்டுப் போகும்படி செய்ய ஏதோ கதை கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நினைக்கவே விரும்பினேன். அப்போது இஸ்மாயில் ஊசியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, சாதாரணமாக, ஒரு சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். அங்கிள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார், உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார், யாரோ கூப்பிட்டு வந்தவர் மாதிரி நிற்பார், பிறகு நாயிடம் ஏதோ சொல்லி இழுத்துக்கொண்டு போவார். அது என்ன பாஷை மேடம்?

என்ன சொல்வார் என்று கேட்டேன்.

இஸ்மாயில் புருவத்தைச் சுருக்கி ஞாபகப்படுத்திப் பார்த்தார். பிறகு சுத்தமாக, நம் ஊர் இழுவையோடு சொன்னார்.

"கிளம்பு."

மேஜை மேல் கிடந்த மோமோ நடுங்கியது.

அந்த ஆள் பிறந்தது மீரட். தமிழ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பா ஒரு நாளும் இவ்வளவு தூரம் நடந்தவர் இல்லை. லோதி ரோடு பார்க்கைத் தாண்டமாட்டார். ஜங்புரா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இங்கே எதற்காக வர வேண்டும்? இங்கே கூப்பிட்டார்கள். அதனால் வருகிறார். கூப்பிட்டதற்கு மோமோ பேரில் பதில் வந்தது. அதனால் மோமோவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

மோமோவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அந்த நாற்காலியைப் பார்க்கவில்லை. மருந்து கட்டித் தருகிறேன், இருங்கள் என்றார் இஸ்மாயில். பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். ஸ்நேகாவின் காதில், என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே என்றேன். மோமோவின் வார் என் கையிலிருந்து தொங்கி, கீழே விழாமல், வலப்பக்கமாக நேராக நீண்டு நின்றது.

"ரத்னவேல் ஜி!"

இஸ்மாயில் தலையைத் தூக்காமல், பொட்டலம் கட்டிக்கொண்டே கூப்பிட்டார். இந்த முறை மோமோ பேர் இல்லை. அது மட்டும்தான்.

எனக்காகப் பதில் சொல்கிற பழக்கத்தில் ஸ்நேகா வாயைத் திறந்தாள். கையால் பொத்தினேன்.

"ரத்னவேல் ஜி!"

சர்தார்ஜி என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு வலப்பக்கம் பார்த்தார். யாராவது ஒருவர் பதில் சொல்லக் கூடாதா என்பதுபோல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர், மேடம் உங்களைத்தான் என்று ஜாடை காட்டினார். நான் இல்லை என்று தலையாட்டினேன். கூடம் முழுக்கத் தைல வாசனை. லாப்ரடார் எழுந்து பெஞ்சுக்கடியில் போனது.

"ரத்னவேல்!"

ஸ்நேகாவின் வாயிலிருந்து கையை நான் எடுக்கவில்லை.

முடிந்தது, பதில் இல்லாமல் மூன்றாவதும் போய்விட்டது என்று நான் மூச்சு விட்டேன் பார், கதவு திறந்தது. பனியோடு இவர் உள்ளே வந்தார். கையில் கார் சாவி.

இவர் சுபாவம் உனக்குத் தெரியும். ரேஷன் கடை ஆகட்டும், ஏர்போர்ட் ஆகட்டும், நம் வரிசை போய்விடக் கூடாது என்று யார் பேரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓடிப்போய் நிற்பார். என்ன ஏது என்று பிறகுதான் பார்ப்பார்.

"ஹாங் ஜி, ஹாங் ஜி, ஆ கயா" என்றார். வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

வார் என் கையிலிருந்து தொப்பென்று கீழே தொங்கியது.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து கனமான ஆள் எழுந்தால் ஒரு சத்தம் வருமே, கால்கள் விரிந்து மறுபடி கூடுகிற சத்தம். அது கேட்டது.

மருந்துப் பொட்டலத்தோடு இவர் திரும்பினார். "என்னடி முழிக்கிற, கூப்பிடுறாங்க, வாயில என்ன கொழுக்கட்டையா" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது, ஏனென்றால் அதற்கப்புறம் இவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மோமோ தயிர் சோறு சாப்பிட்டது. தட்டை நக்கியது. மறுநாள் வாலை ஆட்டியது. கீழ்வீட்டுக்காரி மறுபடி புகார் சொல்கிற அளவுக்குக் குரைத்தது. ஸ்நேகா அதைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. மோமோ எல்லோரிடமும் போகிறது. இவர் வந்தால் மட்டும் கட்டிலுக்கடியில் போகிறது.

இவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பால் வாங்கக்கூடக் காரை எடுக்கிறவர், மறுநாள் ஆபீஸிலிருந்து நடந்து வந்தார். கார் எங்கே என்றால் ஆபீஸில் நிற்கிறது என்றார். ஏன் நடந்தீர்கள் என்றால், "தெரியலடி, நடக்கணும் போல இருந்துச்சு" என்றார். அதற்கு அடுத்த நாள் வெகு நேரம் கழித்து வந்தார். எங்கே போனீர்கள் என்றேன். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அக்கா. ஒரு பழைய வீடு, கண்ணாடி வராந்தா, அதன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றதாக ஞாபகம் என்றார்.

சாப்பாடு இறங்கவில்லை. சட்டை தொளதொளத்துப்போய்விட்டது. சூதுவாது தெரியாத மனுஷன், எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் பேசுகிறவர், சோபாவில் உட்கார்ந்து கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஈரல் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நேற்று சாக்ஸைத் துவைக்க எடுத்தேன். அது காலில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், பிய்த்துக் கழற்றி மூலையில் போட்டிருக்கிறார். உள்பக்கம் ரத்தம். காலைக் காட்டுங்கள் என்று பிடித்துத் திருப்பினேன்.

எழுத முடியவில்லை. மோமோவுக்கு எழுதியிருக்கிறேனே, அதையே மறுபடி படித்துக்கொள்.

இன்னும் ஒன்று. இதனால்தான் இன்றைக்கு லீவு போட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முந்தாநாள் இவர் நடக்கப் போகாதபடி வாசல் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். பொழுது மங்குகிற நேரம் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். மன்னார்குடிக்காரர், இருபது வருஷமாக என்னைச் செல்வி என்றும் 'ஏண்டி' என்றும் கூப்பிடுகிறவர். என் பக்கம் திரும்பாமலேயே, கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"கதவத் தொற தாயி."

நம்மைத் தாயி என்று கூப்பிட்டவர் ஒருத்தர்தான்.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கெட்டது செய்ய வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கூப்பிட்டார்கள், வந்தார். யாரோ ஏன் என்று கேட்டார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். எங்கே போவது என்று அவருக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் வழி கேட்க அவருக்குப் பாஷையும் இல்லை. ஆனால் அவரோடு நடக்கிறவர்களின் கால் தேய்கிறது. அதை அவரிடம் யார் சொல்வது?

நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். ஐப்பசி வரை இவர் தாங்கமாட்டார். வருஷத் திதியை முன்னாலேயே கொடுக்க வழி இருக்கிறதா என்று, நம் வீட்டுக் காரியங்கள் செய்கிறவரைக் கேள். கேட்கும்போது பேரைச் சொல்லாதே, தாளில் எழுதிக் காட்டு. முடியும் என்றால் உடனே செய். அங்கே வைத்து அப்பாவைக் கூப்பிடத்தான் வேண்டும் என்று காரியம் செய்கிறவர் சொன்னால், ஊர் மண்ணில் நின்று மூத்த பெண் நீ கூப்பிடு. உன் குரல் கேட்டால் அருப்புக்கோட்டைக்கு வந்துவிடுவார், வழி தெரியும். ஆனால் கூப்பிடும்போது பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாதே. மச்சானை வேண்டவே வேண்டாம். ஆடு மாடு, கோழிகூட வேண்டாம். யாரும் 'ஏன்' என்று கேட்டுவிடக் கூடாது. எனக்காக இதைச் செய். என் தாலி உன் கையில் இருக்கிறது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பதிலைத் தபாலிலேயே போடு. கவரில் என் பேரை வெறும் செல்வி என்று எழுது. போதும், தபால்காரருக்குத் தெரியும்.

இப்போது ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். லெட்டர் கொடு, நான் போட்டுவிட்டு வருகிறேன் என்று கையை நீட்டுகிறார். பெட்டி எதிர்ப்புறம்தான், ஆனாலும் கொடுக்கமாட்டேன். நானே போய்ப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்நேகாவை இவரோடு உட்காரச் சொல்லியிருக்கிறேன். வெளியே பூட்டிக்கொண்டு போகப் போகிறேன். இன்றைக்கு எடுக்கிற தபாலில் இது சேர வேண்டும்.

ஒட்டிவிடுகிறேன்.

செல்வி

(கவரின் பின்பக்கம்)

அக்கா, ஒட்டியபிறகு மேலே எழுதுகிறேன். பெட்டிக்குப் பக்கத்தில், விளக்குக்கு அடியில் நிற்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில். மாடி ஜன்னலில் இவர் தெரிகிறார், பத்திரமாக உள்ளேதான் இருக்கிறார். கையைத் தூக்கி ஆட்டுகிறார். ரொம்ப நாள் கழித்து முகத்தில் சிரிப்பு. இருங்க, இதோ வந்துட்டேன் என்று ஜாடை காட்டுகிறார்.

என்னைப் பார்த்து இல்லை. எனக்கு ஒரு ஆள் தள்ளி.

நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கடிதத்தைப் பெட்டியில் போடுகிறேன்.